கப்பல் தலைவர் அவர்களுக்கு ஒரு மனு

நெய்வேலியில் யாருக்காவது உல்லாசக் கப்பலில் போகும் ஆசை வந்தால், அவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். நான் இந்தத் துறையில் வல்லுநன் என்பதற்காக அல்ல. "அவரு எப்படி புக் பண்ணாருன்னு நல்லா கேட்டுக்குங்க. அப்படியே தலைகீழா பண்ணிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வருகிறவர்களும் நாகரிகம் கருதி முதலில் நலம் விசாரிக்கிறார்கள், காபி குடிக்கிறார்கள். பிறகு, விபத்தில் உயிர் பிழைத்தவனிடம் பேசும் தணிந்த குரலில், "அன்னைக்கு என்னதான் சார் நடந்துச்சு?" என்று கேட்கிறார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுவதே எல்லோருக்கும் நல்லது.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் திட்டப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவன் நான். எங்கே வெட்டுவது, மேல்மண்ணை எங்கே கொட்டுவது, பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளம் எதுவரை போய் நிற்கும் என்பதையெல்லாம் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் வரைந்தபடியே நடந்தது. அதனால் எனக்கு ஒரு நோய் பிடித்தது: உலகில் எதையும் என்னால் திட்டமிட முடியும் என்ற நம்பிக்கை. (அதை நோய் என்று கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர், என் மனைவி கோமதி. காலஞ்சென்ற கோமதி என்று எழுத வேண்டும். கைக்கு இன்னும் பழகவில்லை.)

கோமதி சுரங்க ஊழியர் நகரியத்துப் பள்ளியொன்றில் புவியியல் ஆசிரியை. வங்காள விரிகுடாவை நீலச் சுண்ணக்கட்டியால் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் தீட்டியவள். அதன்மேல் ஒரு முழம் தூரம்கூட மிதந்ததில்லை. கடலூரில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. நான் ஓய்வு பெற்ற வாரத்தில், பெங்களூரிலிருந்த எங்கள் மகள் செல்வி தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னாள்: "அப்பா, அம்மாவுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கேளுங்க. நீங்களா முடிவு பண்ணி வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."

கேட்டேன். கோமதி யோசிக்கவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த விடையை எடுத்து நீட்டுவதுபோல் சொன்னாள்.

"கப்பல்ல போகணும். காலைல கண்ண முழிச்சா எழுந்திரிக்கவே கூடாது. படுத்த எடத்துலேருந்து பாத்தா ஜன்னல்ல கடல் மட்டும் தெரியணும். சூரியன் வரணும். வேற எதுவும் தெரியக் கூடாது. கரை, மரம், பாத்திரம், நீங்க, எதுவும்."

"நானுமா?"

"நீங்க எனக்குப் பின்னாடி படுத்திருங்க. வேணாங்கல. நான் திரும்பிப் பாக்க மாட்டேன், அவ்வளவுதான்."

இந்தக் கோரிக்கையின் நியாயத்தை நகரியத்தார் உடனே புரிந்துகொள்வார்கள். முதல் ஷிப்டுக்குப் போகும் கணவனுக்கு டிபன் கட்டுவதற்காக, பல ஆண்டுகள் கோழிக்கு முன்பாக எழுந்தவள் அவள். சூரிய உதயம் நடக்கும் நேரத்தில் அவள் கண்முன் எப்போதும் இருந்தது இட்லிக் கொப்பரை. முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கையில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். ஒரு ஜன்னல்.

நான் உணவு மேசையின்மேல் தாளை விரித்தேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, இலங்கைத் துறைமுகங்கள் மூன்றைத் தொட்டுத் திரும்பும் ஐந்து இரவுப் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தயாரிப்புகள் தொடங்கின. கடவுச்சீட்டு பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைச் சரிபார்த்தேன். காற்றும் அலையும் எந்த மாதத்தில் அடங்கியிருக்கும் என்று கோமதியிடமே கேட்டு, புயல் மாதங்களைச் சிவப்பு மையால் அடித்தேன். முதியோருக்கான பயணக் காப்பீடு எடுத்தேன். இவை அனைத்தும் சரியான செயல்கள். (குறிச்சுக்குங்க. இதுவரைக்கும் தலைகீழா பண்ண வேண்டியது ஒண்ணும் இல்ல.)

பிறகு அறையைத் தேர்வு செய்யும் பக்கம் வந்தது.

கப்பலில் அறைகள் மூன்று வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை ஒன்று. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் கொண்ட கடல்புற அறை அடுத்தது. தனி பால்கனியோடு கூடிய அறை மூன்றாவது. ஒவ்வொரு வகையிலும் அறை எண்ணை நாமே வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது 'ஒதுக்கீட்டை எங்களிடம் விட்டுவிடுங்கள், இருப்பைப் பொறுத்து உயர்ந்த வகை அறை கிடைக்கவும் கூடும்' என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுவிடலாம்.

'ஒதுக்கீடு' என்ற சொல்லைக் கண்டதும் என் உள்ளத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த விளக்கை எரித்த மின்சாரம் நெய்வேலியுடையது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். நகரியத்தில் குடியிருப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்படும். பணிக்குச் சேர்ந்தவுடன் கிடைக்கும் சிறிய வீட்டுக்குள் முதலில் நுழைந்துவிட வேண்டும். பிறகு மாற்றல் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் மெல்ல மேலேறும். பணிமூப்புக்கு மதிப்பு உண்டு; விண்ணப்பித்த தேதிக்கும் மதிப்பு உண்டு. நான் அப்படித்தான் இரண்டு அறை வீட்டில் தொடங்கி, பலா மரமும் இரண்டு பக்கத் தோட்டமும் கொண்ட மூலை வீட்டில் முடித்தேன். அவசரப்பட்டவர்கள் நீர்த்தொட்டிக்கு அருகில் போய் மாட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கிறேன். ஆகவே பட்டியலில் நானே முதலில் நிற்பேன். அறுபது வயது கடந்தவன். ஆகவே மூப்பும் உண்டு. உள்ளறைக்கு விண்ணப்பித்து உள்ளே நுழைந்துவிட்டால், கப்பல் புறப்படுவதற்குள் மாற்றல் தானாக வந்துவிடும். எண்ணைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் மூப்பு இல்லாதவர்கள் செய்யும் வேலை. நான் கட்டத்தில் குறியிட்டேன்.

"ஜன்னல் ரூம்தானே?" என்றாள் கோமதி, சமையலறையிலிருந்து.

"அலாட்மெண்டில் போட்டிருக்கிறேன்" என்றேன். அவளும் நகரியத்தில் முப்பது ஆண்டுக்குமேல் வாழ்ந்தவள்தான். ஆனால் ஒரு கணம் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களோடு வரவிருந்தவர்கள் காதர் பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும். பாய் பண்ருட்டிக்காரர், நகரியத்தின் கடைத்தெருவில் முந்திரிப் பருப்புக் கடை வைத்திருப்பவர். அவர்கள் மகன் கோமதியிடம் படித்தவன். அந்த வழியில் தொடங்கிய நட்பு. பாய் எந்தத் தாளையும் விரிக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு பயண முகவரிடம் போனார். கப்பல் வரைபடத்தைக் கேட்டார். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தார்.

"இன்ஜினியரே, நடுக்கப்பல்ல பால்கனி ரூமு ஒண்ணு புட்சிட்டேன். நடுவுல இருந்தா ஆட்டம் கம்மியாம். மேல டான்ஸ் ஹாலு, கீழ சமையல்கட்டு எதுவும் இல்லாம பாத்துக்கணும்னான். தெக்கால போற கப்பலுக்கு இடது கை பக்கம் கெயக்கு. அதான் இடது பக்கமா குட்றான்னு வாங்கிக்கினேன்."

"அவசரப்பட்டுவிட்டீர்கள், பாய்" என்றேன் இரக்கத்தோடு. "அலாட்மெண்டுக்கு விட்டிருக்கலாம்."

"முந்திரி வாங்க வர்றவன் மூட்டையில கைய வுட்டுப் பாக்காம வாங்குவானா? நீ இன்னா சார் சொல்ற!"

பயண நாள் வந்தது. முந்தின நாளே சென்னைக்குப் போய்த் தங்கிவிட்டோம். அதுவும் சரியான செயல். கப்பல் பேருந்து அல்ல, கைகாட்டினால் நிற்பதற்கு. ஆனால் பகல் ஒரு மணிக்கு வரச் சொன்ன முனையத்துக்கு நான் எட்டரை மணிக்கே மூவரையும் அழைத்துப் போய்விட்டேன். (ஷிப்டுக்குப் போற புத்தி. ரிட்டையர் ஆனாலும் போகாது.) முனையத்தின் கதவையே அப்போதுதான் கழுவிக்கொண்டிருந்தார்கள். நூர்ஜஹான் பெட்டியின்மேல் உட்கார்ந்து, "அண்ணே, கப்பல கட்டி முடிச்சிட்டாங்களான்னு கேட்டு வாங்களேன்" என்றார்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை மாலையில்தான் அறைக்கு வந்து சேரும். எனவே மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கைப்பையில் வைத்திருந்தவை: பணி ஓய்வு ஆணையின் நகல், ஓய்வூதியர் அடையாள அட்டையின் நகல், வயதுச் சான்று, முன்பதிவுத் தாள்கள், எழுதாத வெள்ளைத் தாள்கள், குண்டூசி. மருந்து பெட்டியில் போயிற்று. பெட்டியோ, அதனுள் நான் வைத்த மின்கெண்டியின் காரணமாகப் பாதுகாப்புப் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டது. சூடேற்றும் கருவி எதுவும் கப்பலில் கூடாது என்பது அச்சிட்ட விதி. சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவன் அதைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

அதெல்லாம் சில்லறை. அறைக்கு வருவோம்.

நீண்ட நடைவழியின் கடைசியில் எங்கள் அறை. அட்டையைக் காட்டியதும் கதவு திறந்தது. சுத்தமான, அழகான அறை. எதிர்ச்சுவரில் கூரை முதல் பாதி உயரம் வரை நல்ல நீலத் திரை தொங்கியது. கட்டிலில் துண்டை மடித்து இரண்டு அன்னப் பறவைகள் செய்து, அலகோடு அலகு பொருத்தி வைத்திருந்தார்கள்.

"வந்துவிட்டது பார்த்தாயா, மாற்றல்!" என்றேன்.

கோமதி செருப்பைக் கழற்றினாள். கோயிலுக்குள் போவதுபோல் நடந்து போனாள். திரையின் இரு பாதிகளையும் இரண்டு கையால் பிடித்து, ஒரே வீச்சில் விலக்கினாள்.

பின்னால் சுவர் இருந்தது. சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி பதித்திருந்தது. அதற்குள் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், வெற்றிப் புன்னகை முகத்தில் இன்னும் காயாத நிலையில், நான்.

சிறிது நேரம் அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கடலைக் காணோங்க. நீங்க மட்டும் நல்லாத் தெரியறீங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்பே நின்றுவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கேட்ட சிரிப்பு. எங்கே முடியும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடிதான் என்னை எழுத வைத்தது.

நான் மேசையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளை எடுத்தேன். பெறுநர்: கப்பல் தலைவர் அவர்கள். வழி: வரவேற்பு அலுவலகம், உரிய வழியாக. பொருள்: உள்ளறையிலிருந்து கடல்புற அறைக்கு மாற்றல் வேண்டுதல், மூப்பின் அடிப்படையில். பார்வை: ஒன்று, முன்பதிவுத் தாள், இரண்டு, தங்கள் இணையப் பக்கத்தின் ஒதுக்கீட்டு வாசகம். அடியில் என் முப்பத்தைந்து ஆண்டுப் பணி விவரம், கடைசியாக வகித்த பதவி, மனைவியின் ஆசிரியப் பணி, விண்ணப்பத் தேதியில் எனக்கு இருக்கும் முன்னுரிமை. இணைப்புகளைக் குண்டூசியால் கோத்தேன். வரவேற்பில் யார் இருந்தாலும் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதியிருந்தாலும் மானம் அதே அளவுதான் போயிருக்கும்.

"எதுக்குங்க? காலியா இருக்கான்னு வாயால கேட்டா போதாதா?" என்றாள் கோமதி.

"எழுத்தில் இருந்தால்தான் நடவடிக்கை இருக்கும்."

வரவேற்பில் இருந்தது ஒரு தூத்துக்குடிப் பெண். வயது இருபத்தைந்துகூட இருக்காது. என் பின்னால் ஒரு நீண்ட வரிசை; அதில் ஐந்தாவது ஆளாக, இணைய வசதி பற்றிக் கேட்க வந்த காதர் பாய். நான் மனுவை இரு கையாலும் கொடுத்தேன். அந்தப் பெண் முதல் தாளைப் படித்தாள். இணைப்புகளைப் புரட்டினாள். ஓய்வு ஆணையில் நெடுநேரம் நின்றாள்.

"சார், இது... உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் ஆயிட்டா?"

"ஆயிற்று. அதனால்தான் மூப்பு."

அவள் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தாள். கூட்டத்தின் இரைச்சலில் சற்று உரக்கவே பேசினாள். "சார், ஒரு பெரியவர் ரூம் மாத்தக் கேக்காங்க... இல்ல சார், ரூம்ல குறை ஒண்ணும் இல்லயாம்... சீனியாரிட்டியாம் சார்... மைன்ஸ்ல முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸாம்... இல்ல சார், நம்ம கப்பல்ல இல்ல. நெய்வேலில."

என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னொரு வரிசையும் வந்து சேர்ந்துகொண்டது.

அவள் தொலைபேசியை வைத்தாள். "சார், மன்னிச்சுக்குங்க. கப்பல் ஃபுல். ஜன்னல் ரூம் ஒண்ணுகூட காலி இல்ல. இதுல சீனியாரிட்டி பாக்க மாட்டாங்க சார். நீங்க உள்ரூம்தான் கேட்டிருக்கீங்க. கேட்டதைத்தான் கொடுத்திருக்காங்க."

கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான தீர்ப்பை நான் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே திரும்பி நடந்திருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம் என் வாயைத் திறந்தது.

"சரி. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு முத்திரை வேண்டும்."

"முத்திரையா?"

"பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. இல்லாமல் நான் போவதாக இல்லை."

பாவம், அந்தப் பெண் மேசை இழுப்பறைகளை எல்லாம் திறந்து பார்த்தாள். குழந்தைகள் விளையாட்டு அறைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு முத்திரையோடு வந்து, என் நகலின் கீழ்மூலையில், பதவியும் கையெழுத்தும் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அழுத்திப் பதித்தாள். ஊதா நிறத்தில் ஒரு டால்பின். தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தது.

பின்னாலிருந்து காதர் பாயின் குரல் கேட்டது: "சார்வாளுக்கு கெசட்டட் ஆபீசரு கையெழுத்தே போட்டுட்டாருடா!"

இரவு உணவு மேசைக்கு நாங்கள் நால்வரும் ஏழு மணிக்கு வந்தோம். அதற்குள் பாய் தன் மனைவியிடம் டால்பின் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. கோமதியை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், நெசமாவே ஜன்னலு இல்லியா?"

"திரை இருக்கு நூரு. நல்ல திரை."

"காலைல படுத்துக்கினே கடலப் பாக்கணும்னு போன வருசமே சொல்லிக்கினு இருந்தீங்களே."

"விடு. மேல் தளத்துக்குப் போய் நின்னு பாத்தா போச்சு."

"நின்னு பாக்கறதுக்கு கடலூரு போதாதா?" நூர்ஜஹான் தட்டை ஓரமாகத் தள்ளினார். கணவர் பக்கம் திரும்பினார். "இன்னாங்க, உங்க பெட்டிய எடுங்க."

"எதுக்கு?"

"டீச்சர் எங்கூட படுப்பாங்க. நீங்க அண்ணன் ரூமுக்குப் போங்க."

பாய் வாயிலிருந்த ரொட்டியை விழுங்க மறந்தார். "அடியே, புச்சேரிக்குப் போயி, படத்தப் பாத்து, இடது பக்கமாக் கேட்டு வாங்கினவன் நானு! இவரு பண்ண தப்புக்கு நான் எதுக்கு கொகையில போய்ப் படுக்கணும்?"

"உங்க புள்ளைக்கு அட்சரேகை தீர்க்கரேகை ஏறாம வூட்டுக்கு வந்து வந்து சொல்லிக் குடுத்தாங்களே, அப்ப யாரு தப்புக்கு வந்தாங்க? எடுங்க பெட்டிய."

கோமதி மறுத்தாள், ஐந்து முறை மறுத்தாள். ஆனால் ஐந்தாவது மறுப்பில் குரல் இல்லை. நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு ஆண்களுக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பது தெளிவாயிற்று.

அறைக் கதவைத் திறந்ததும் பாயின் கண் முதலில் பட்டது, கட்டில்மேல் அலகோடு அலகு சேர்ந்து நின்ற அன்னங்கள்மேல்.

"இன்னா சார் இது!"

"வரவேற்பு அலங்காரம்."

"அறுபத்திரெண்டு வயசுல உங்கூடயா எனக்கு ஹனிமூனு?" என்றவர், இரண்டு அன்னங்களையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலின் நடுவில் எல்லைக்கோடாக வைத்தார். "இதத் தாண்டி வந்தீங்க, அந்த டால்பினுக்கே கம்ப்ளெயிண்டு பண்ணிடுவேன்."

விடியற்காலையில் விழித்தபோது, உள்ளறையில் விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பாய் தொலைக்காட்சியைப் போட்டார். அதில் கப்பலின் முன்முனையில் பொருத்திய காமிராவின் காட்சி ஓடியது. இருவரும் தலையணையைச் சாய்த்துவைத்து, அன்னங்களுக்கு இருபுறமும் உட்கார்ந்து, சாம்பல் நிறத்தில் மெல்ல அசையும் ஒரு சதுரத்தைக் கால் மணி நேரம் பார்த்தோம்.

"சூரியன் எங்கய்யா?" என்றார் பாய்.

"கிழக்கே."

"இதுல?"

"காமிரா தெற்கே பார்க்கிறது, பாய்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என் ரூமுல தெரியும் இல்ல?"

"நன்றாகத் தெரியும்."

"நானு காசு குடுத்து வாங்கின சூரியன்யா அது" என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். போர்வை குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் தாங்கவில்லை. இரண்டு கிழவர்கள், ஒரே கட்டிலில், ஜன்னலில்லாத அறையில், கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சுரங்கத்திலும் சரி, வீட்டிலும் சரி, நான் அப்படிச் சிரித்ததில்லை.

காலைச் சிற்றுண்டிக்குக் கோமதி தலைவாராமல் வந்தாள். எனக்குத் தெரிந்து முதல் முறை.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"முப்பது வருஷமா தப்பா சொல்லிக்குடுத்திருக்கேங்க. கடல் நீலமே இல்ல. மொதல்ல ஒண்ணுமே இல்ல, இருட்டு. அப்புறம் பலாச்சுளை கலர்ல ஒரு கோடு. அப்புறம் தேச்சு வச்ச எவர்சில்வர் தாம்பாளம் மாதிரி மொத்தமும். நீலம் எட்டரை மணிக்குத்தான் வந்துச்சு."

"எழுந்திரிக்கவே இல்லண்ணே" என்றார் நூர்ஜஹான். "டீ கொண்டாரட்டுமான்னு கேட்டேன். பேசாதன்னு கையக் காட்டிட்டாங்க. கிளாஸுல காட்டுவாங்களாமே, அதே மாதிரி."

மிச்ச நாள்களுக்கும் அதே ஏற்பாடு நீடிக்கும் என்று இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள். எங்களுக்குப் பார்வையாளர் நேரம் காலை பத்து மணிக்குமேல். அந்த நேரத்தில் போய்ப் பால்கனியில் உட்கார்ந்துவிட்டு, சொன்னதும் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆகவே அந்தக் காலைகளில், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது கோமதியின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. நூர்ஜஹானுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார். இதுவரை கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் கோமதி இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். திருமண வீடு, வங்கி வரிசை, பேருந்து, எங்கேயும் சொன்னாள். செல்வியின் வீட்டில் இன்றும் உணவகத்துக்குப் போனால் எந்த மேசை என்று யாராவது தயங்கியதும், பேரப்பிள்ளைகள்வரை, "அலாட்மெண்டுக்கு விட்டுடலாமா தாத்தா?" என்கிறார்கள். கதை அவள் வாயில் வளர்ந்துகொண்டே போனது. நான் எழுதியது ஒரே ஒரு பக்கம். அதை அவள் மூன்று பக்கம் என்பாள். அந்த ஒரு பிழையை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை.

"ஒரு பக்கம்" என்பேன், எந்தக் கூட்டத்திலும், இடைமறித்து.

"பாத்தீங்களா, இன்னும் வாதாடறாரு" என்பாள். கூட்டம் இன்னும் சிரிக்கும். மருத்துவமனையில் இருந்தபோது செவிலியருக்கும் சொன்னாள். அங்கேயும் நான் திருத்தினேன்.

சென்ற ஆண்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் இலைக்கு முன் அமர்ந்திருந்தோம். பரிமாறும் ஒலி மட்டும் கேட்டது. அந்த மௌனம் பொறுக்காமல் காதர் பாய் கப்பல் கதையைத் தொடங்கினார். கண்ணாடிவரை வந்தார், அன்னங்கள்வரை போய்விட்டு, மறந்துவிட்ட மனுவுக்குத் திரும்பினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒரு பக்கத்துக்கு மனு எழுதிக்கினு போய் நின்னாரு பாருங்க..." என்றார்.

"மூன்று பக்கம்" என்றேன்.

செல்வி தலையை நிமிர்த்தினாள். பாய் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சோறு அப்படியே இருந்தது.

"ஆமா ஆமா, மூணு பக்கம்" என்றார் மெதுவாக. "நான்தான் மறந்துட்டேன்."

"இணைப்புகள் தனி" என்றேன்.

முதலில் சிரித்தவள் செல்வி. பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. எதிர்வரிசையில் இருந்த, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் எழுந்து, கதையை முதலிலிருந்து தொடங்கினேன்.

அந்த மனு இப்போது ஐந்து பக்கம் ஆகியிருக்கிறது.